படத்தில் இல்லாத கிண்ணம்

போன மாதம் முழுக்க சைகோனில் மகள் வீட்டில் இருந்தேன். அவளுக்குத் தூ டுக் என்கிற புறநகரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பதினெட்டாவது மாடியில் வீடு. காலையில் அவளும் மருமகனும் கிளம்பிப் போனால் சாயங்காலம்வரை வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். ஒரு இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாதவன் நான். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பெறந்த பய" என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அறுபதைத் தொட்டும் சக்கரம் கழலவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். சன்னல் வழியாக மெட்ரோ ரயில் போவதையும் வருவதையும் பார்த்தேன். நாலாம் நாள், "அப்பா, கொஞ்ச நேரம் டிவி பாருங்களேன், கீழ் வீட்டுக்காரங்க யாரு இப்படி நடக்கிறதுன்னு கேக்கறாங்க" என்று மகள் சொன்னாள். மறுநாள் அதே மெட்ரோவில் ஏறி ஊருக்குள் போய்விட்டேன்.

எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனேன் என்றால் அது பொய். பென் தான் சந்தை ஸ்டேஷனில் இறங்கி, பச்சைச் சட்டை போட்ட ஒரு வாடகை பைக் டிரைவர் பின்னால் ஏறிக்கொண்டு, "நியூ லோக்" என்று கால்வாயின் பெயரைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்குப் பிறகும் வாய் அந்தப் பெயரைச் சரியாகத்தான் சொன்னது. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் அவன் இறக்கிவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பிறகு தைரியமாக இழுத்தும் பார்த்தேன். பெட்ரோல் புகை, வறுத்த காபிக்கொட்டை, மழையில் நனைந்த புல். அவ்வளவுதான். நாற்றம் போய்விட்டது.

நாற்றம் போனதற்காக ஒருத்தன் வருத்தப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். நான் வருத்தப்பட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கரையில் நிற்க முடியவில்லை. பாலத்தில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன், மறுபடி ஏறினேன். என் மூக்குக்குத் தெரிந்த இடத்தைக் கண் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது. இரண்டு பக்கமும் தார்ச்சாலை, நடைபாதை, மரம், உடற்பயிற்சிக் கம்பிகளில் தொங்கும் பெரியவர்கள். தண்ணீரில் மீன் துள்ளுகிறது. மீன்!

அந்த நாளில் இந்தத் தண்ணீரில் மீன் துள்ளியிருந்தால் நாங்கள் அதை அற்புதங்களின் கணக்கில் சேர்த்திருப்போம். தொண்ணூறுகளின் தொடக்கம். தண்ணீர் தார் மாதிரிக் கறுப்பு. இரண்டு கரையிலிருந்தும் கால்வாய்க்குள் இறங்கி வந்து நின்றன வீடுகள். மரக்கழிகளை நட்டு, அதன்மேல் பலகை பாவி, தகரமும் பெட்டிப் பலகையும் கீற்றும் வைத்து அடைத்த வீடுகள். கழிப்பறை என்பது பலகையில் ஒரு ஓட்டை. கடல் ஓதத்தோடு ஆறு ஏறும் ஏற்றம் தினம் இரண்டு தடவை இங்கேயும் வரும். தண்ணீர் ஏறினால் தரைப்பலகையைத் தொடும், வற்றினால் அடியில் சேறு மட்டும் மினுங்கும். வீட்டுக்கு வீடு போக இரண்டு பலகை அகலத்தில் ஒரு பாதை. அதில் நடந்த முதல் நாள் என் காலை உணவு முழுவதையும் அந்துவானெத் அக்காவின் செருப்பில் வாந்தியெடுத்துவிட்டேன். அக்கா செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொன்ழூர் தம்பி" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். எங்கள் அறிமுகம் அப்படித்தான் நடந்தது.

அந்துவானெத் அக்காதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். ஐம்பது வயதிருக்கும். அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்தில் குமாஸ்தாவாக வந்தவர், அம்மா இந்த ஊர்க்காரி. எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது உறவெல்லாம் பிரான்சுக்குக் கப்பலேறியது. அம்மா படுக்கையில் கிடந்ததால் அக்கா மட்டும் தங்கிவிட்டாள். அவள் பேசுவது அப்பாவிடம் கற்ற தமிழ். ஆஸ்பத்திரியை "லாப்பித்தால்" என்பாள். என்னுடைய தேரிக்காட்டுத் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். "நீ பேசுறதுக்கு ஒருத்தரு மொழிபெயர்க்கணும் தம்பி, அப்புறம் நான் மொழிபெயர்க்கிறேன்" என்பாள்.

நான் அங்கே போனது மிஷன் ஊழியத்துக்கு. தென்தமிழ்நாட்டு நாசரேத்துக்குக் கிழக்கே, தேரி மணலில் இருக்கிற எங்கள் சபையில், "தேவன் என்னைத் தூர தேசத்துக்கு அழைத்தார்" என்று சாட்சி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அழைத்தது உண்மைதான். ஆனால் விலங்கியல் படித்துவிட்டு மூன்று வருஷம் வேலையில்லாமல் தெருவை அளந்துகொண்டிருந்தவனுக்கு யார் அழைத்திருந்தாலும் கேட்டிருக்கும். வியட்நாம் அப்போதுதான் வெளியாட்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது. மருந்து கொடுக்கலாம், பால்மாவு கொடுக்கலாம், பிரசங்கம் பண்ணக் கூடாது, துண்டுப்பிரதி கூடாது. எங்கள் அனுமதிச் சீட்டில் "சமூக நலம்" என்றுதான் இருக்கும். வேதாகமம் அறையில் தலையணைக்கு அடியில். பகலில் நான் மாத்திரை கொடுக்கிறவன், அரிசி சுமக்கிறவன், போட்டோ எடுக்கிறவன்.

அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று உண்டு. சோறாக்க அரிசி எடுக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியைத் திருப்பி ஒரு சின்னப் பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சர்ச்சில், எங்கள் பேச்சில் கோவிலில், கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதை விற்ற காசு ஊழியத்துக்கு. பனையேறிகள் வீட்டில் எத்தனை வேளை சோறு பொங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பானை காலியாக இருந்ததில்லை. அம்மா பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கை நிறைய அள்ளுவாள், பிறகு விரலைக் கொஞ்சம் தளர்த்தி நாலு மணியை உலையரிசியில் விழவிடுவாள், பிறகு என்ன நினைத்தோ மறுபடி இறுக்கிக்கொள்வாள். அந்தப் பிடிதான் கடல் கடந்து, சைகோனில் மாதம் ஒரு பை அரிசியாகவும் மாத்திரையாகவும் மாறி என் தோளில் ஏறியது.

கொடுக்கிறவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை, முகம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்தையும் ஊரில் ஒரு சபை தத்து எடுத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் நாங்கள் அனுப்ப வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் அனுப்பிய ஒரு படத்தின் மூலையில் படையல் மேடையின் சிவப்பு விளக்கு விழுந்துவிட்டது. இந்த ஊரில் செத்த முன்னோருக்கு ஒரு படையல் மேடை இல்லாத வீடு ஏது? ஆனால் எங்கள் ஊர்ச் சபைப் பெண்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது: "நம்ம பிடி அரிசி அங்க படையலுக்கா போகுது?" அன்றிலிருந்து எழுதாத சட்டம் ஒன்று வந்தது. படம் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தம் என்றால் என்னவென்று யாரும் விளக்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. நான் அதில் கெட்டிக்காரனாகிவிட்டேன். ஒரு துண்டைத் தொங்கவிடுவேன், ஆளைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நிற்கச் சொல்வேன், விளக்கு மறைந்துவிடும்.

இத்தனைக்கும் நான் என்ன யோக்கியன் என்று கேட்டால், ஊருக்கு நடுவில் செட்டிநாட்டார் கட்டிய முருகன் கோவில் வாசலில் எத்தனையோ சாயங்காலம் நின்றிருக்கிறேன். உள்ளே போகமாட்டேன், ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது! வெளியே நின்று, கற்பூரமும் ஊதுபத்தியும் கலந்த வாசனையை, யாராவது இரண்டு வார்த்தை தமிழ் பேசமாட்டார்களா என்கிற ஏக்கத்தோடு இழுத்துக்கொண்டு நிற்பேன். அங்கே என் மூக்குக்கு எந்தச் சட்டமும் இல்லை. மறுநாள் போய் இன்னொருத்தர் வீட்டு ஊதுபத்தியை மறைப்பேன்.

எங்கள் ஊர்ச் சபைக்கு, அதாவது என் அம்மா அரிசி போடுகிற சபைக்குக் கிடைத்த குடும்பம் சி பா வீடு. சி என்றால் அக்கா, பா என்றால் மூன்று. வியட்நாமின் தென்பகுதியில் ஆட்களைப் பிறந்த வரிசையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் நம்பர் அக்கா. முப்பத்தைந்து வயது, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். காசநோய். வீட்டில் அவளும் லான் என்கிற மகளும்தான். லானுக்குப் பத்துப் பதினொரு வயது, என்னை "சூ" என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும். இரண்டு பேருக்கும் ஒரே பாய். மாத்திரை எட்டு மாதம், தினமும் என் கண் முன்னால் விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பி வரும், வரும்போது மருந்துக்கு அடங்காமல் வரும். நாலு வீடு தள்ளி ஒருத்தர் அப்படித்தான் போனார். சி பாவுக்கு அது தெரியும். மூன்றாவது மாதத்தில் இருமல் குறைந்து, மீன் கழுவும் வேலைக்குப் போகலாமா என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

அவள் வீட்டுப் படையல் மேடை ஒரு ஒற்றைப் பலகை. அதில் ஓரமாக வகிடெடுத்த ஒரு வாலிபனின் படம். படத்துக்கு முன்னால் நீலக்கோடு போட்ட ஒரு பீங்கான் கிண்ணம், அதில் சாம்பல், சாம்பலில் ஊதுபத்திக் குச்சிகளின் சிவப்பு அடிகள். லான் வயிற்றில் இருந்தபோது நாட்டைவிட்டுத் தப்பிக் கள்ளப் படகில் ஏறிப் போன கணவன். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனவன். கடிதம் வரவில்லை, சேதி வரவில்லை, உடலும் வரவில்லை. சில வருஷம் காத்திருந்துவிட்டு, அவன் படகேறிய நாளையே திதியாக வைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்தை வைத்தாள். கல்லறை இல்லாதவனுக்கு அந்தச் சாம்பல்தான் இடம். அதைக் கொட்டக் கூடாது, செத்தவரிடம் கேட்காமல் நகர்த்தவும் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியும். அக்கா முதல் வாரமே சொல்லியிருந்தாள்.

போட்டோ நாள் மழை மேகம். கால்வாயில் ஏற்றம், தண்ணீர் பலகைக்கு அடியில் சளக் சளக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வீடு சின்னது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தப் பலகை வந்து விழுந்தது. துண்டு தொங்கவிட ஆணி இல்லை. எனக்கோ அவசரம். எனக்கு எப்போதுதான் அவசரம் இல்லை?

"யக்கா, அத மட்டும் செத்த நேரம் எறக்கி வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சி பாவிடம் என்னவோ நீளமாகச் சொன்னாள். சி பா பலகையைப் பார்த்தாள், தலையாட்டினாள். கைகூப்பி, படத்தைப் பார்த்து உதட்டுக்குள் என்னவோ சொன்னாள். அவனிடம் அனுமதி கேட்டாள். வாலிபனின் படத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் முகம் மேலே இருக்கும்படி வைத்தாள். கிண்ணத்தை எடுக்க அவள் திரும்பி வருவதற்குள் நான் அதை எடுத்து வாசல் ஓரத்துத் தரையில் வைத்துவிட்டேன். உதவி செய்கிறேனாம்!

இரண்டு தடவை அழுத்தினேன். பிலிமைச் சுற்றிக்கொண்டே பின்னால் ஓரடி வைத்தேன். குதிகாலில் கிண்ணம் பட்டது.

அது உடையவில்லை. அரைவட்டமாக உருண்டு நின்றது, அவ்வளவுதான். தரைப்பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. சாம்பலுக்குச் சத்தம் கிடையாது. கறுப்புத் தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் வெளிறித் தெரிந்தது, பிறகு ஏற்றம் அதை இழுத்துக்கொண்டு போனது. பலகையில் நாலைந்து சிவப்புக் குச்சி மிச்சம்.

நான் "ஸாரி, ஸாரி" என்றேன், அங்கே யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில். சி பா முழங்காலில் உட்கார்ந்து அந்த இடைவெளிமேல் உள்ளங்கையை வைத்து அடைத்தாள். எல்லாம் போன பிறகு எதை அடைக்கிறாள் என்று நினைத்தேன். இப்போதும் ராத்தூக்கத்தில் அந்தக் கைதான் வரும். பிறகு நிமிராமலே சொன்னாள்: "வே டி." போய்விடு. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பலகைப் பாதைக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மொந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டாள். "என்ன காரியம் பண்ணுன தம்பி!" என்றாள். பிறகு தன் நெஞ்சிலேயே தட்டிக்கொண்டாள். "உன்ன மட்டும் சொல்லி என்னா. உங்க ஊருக்காரங்களுக்கு இது ஆவாதுன்னு நான் அவகிட்ட சொல்லல. வெளிச்சம் பத்தல, எறக்குனா படம் நல்லா வுழும்னு சொன்னேன். உண்மையச் சொல்லியிருந்தா எறக்கியிருக்க மாட்டா."

மறுநாள் காலை மாத்திரையோடு போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே இருமல் கேட்டது, கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அந்தப் பலகைப் பாதையில் நான் நடந்த நடையைப் பார்த்து, முதலில் சிரித்த அக்கம்பக்கத்தார் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். சட்டைப் பையில் மாத்திரைப் பொட்டலம் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. ராத்திரி அறையில் படுத்தால் அவளுடைய இருமல் என் நெஞ்சில் கேட்டது. முழங்கால்போட்டால் ஜெபம் வரவில்லை. என்னவென்று ஜெபிப்பது? உம்முடைய ஊழியத்தை நான் சுத்தமாகச் செய்தேன் ஆண்டவரே என்றா?

இதோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. படம் கழுவி வந்தது. லான் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். சி பா கேமராவைப் பார்க்கவில்லை. தலை நேராக இருக்கிறது, கண் மட்டும் கீழே, படத்துக்கு வெளியே, வாசல் பக்கம். தரையில் தனியாக இருந்த கிண்ணத்தைப் பார்க்கிறாள். இரண்டு படத்திலும் அப்படியே. நான் உட்கார்ந்து, "குடும்பம் கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறது, சகோதரி தவறாமல் மருந்து உட்கொள்கிறார்" என்று எழுதி, படத்தையும் வைத்து ஊருக்குத் தபாலில் போட்டேன். அன்றைக்கு நாலாவது பொட்டலம் என் பையில் இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் கால்வாய் வற்றிக் கிடந்தது. கதவு வழக்கம்போல் சாத்தியிருந்தது. அக்காவும் கூட இருந்தாள். என்ன நினைத்துக்கொண்டு அதைச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நினைப்பதற்கு முன்னால் என் கால் போய்விடும், அதுதான் என் வியாதி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கழியைக் கட்டிப்பிடித்து வீட்டுக்கு அடியில் இறங்கினேன்.

சேறு தொடைவரை வாங்கியது. பிளாஸ்டிக், முட்டைத்தோடு, இன்னும் சொல்லக் கூடாததெல்லாம் அதில் இருந்தது. மேலே நின்று, "வா தம்பி மேல! லாப்பித்தால்ல உன்னையும் நான்தான் பாக்கணுமா?" என்று அக்கா கத்துகிறாள். எட்டிப் பார்க்கிற வீடெல்லாம் சிரிக்கிறது. ஆறு நாளில் பன்னிரண்டு ஏற்றம் வந்து போன இடத்தில் சாம்பலைத் தேடுகிறவனை வேறு என்ன செய்வார்கள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையார் கிடையாது, குரங்கு மட்டும் உண்டு. கழி கழியாகத் துழாவினேன். கடைசியில் ஒரு கழியின் முட்டில் குப்பையோடு சிக்கியிருந்த மூன்று சிவப்புக் குச்சிகள் கிடைத்தன. சி பா வீட்டுக் குச்சிதானா, வேறு யார் வீட்டுடையதா, எப்படிச் சொல்ல முடியும்?

ஏறி வந்து அவள் வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கையில் இருந்த குச்சிகளைப் பார்த்தாள். வாங்கவில்லை. "ச்சோய் ஓய்" என்றாள். நம் ஊரில் "கடவுளே" என்று சொல்கிற தொனி. உள்ளே போய் ஒரு டின் தண்ணீரோடு வந்தாள்.

அந்த வரிசையில் குழாய் கிடையாது. நல்ல தண்ணீரை டின் கணக்கில் காசு கொடுத்து வாங்கி, ஆளுக்கு இத்தனை என்று எண்ணிக் குடிப்பார்கள். அந்தத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். வேண்டாம் என்றேன். குனிந்து, பனைநார் மாதிரி ஏதோ ஒன்றால் சேற்றைத் தேய்த்தாள். நடுவில் இருமல் வந்து நிறுத்திக்கொண்டாள், மறுபடி தேய்த்தாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, எங்கள் கோவிலில் கால் கழுவுகிற ஆராதனை நடக்கும். முந்தின நாளே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் எல்லோரும் வருவோம். உண்மையிலேயே அழுக்கான காலை ஒருத்தர் கழுவினது எனக்கு அன்றைக்குத்தான். அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

பிறகு அவள் உள்ளே போனாள். பலகையில் வாலிபனின் படம் பழைய இடத்துக்கு வந்திருந்தது. கிண்ணம் காலியாக அதன் முன்னால் இருந்தது. மாதத் தொடக்கத்தில் நான் சுமந்து வந்த அரிசிப் பை மூலையில் இருந்தது. அவள் பையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளினாள். கிண்ணத்தில் போட்டாள். இன்னொரு பிடி. இரண்டாவது பிடியில் விரலைக் கொஞ்சம் தளர்த்தி, என்ன நினைத்தோ மறுபடி இறுக்கிக்கொண்டாள். சாம்பல் இல்லாதபோது அரிசியில் ஊன்றுவது அங்கே வழக்கமாம். மூன்று ஊதுபத்தி கொளுத்தி அந்த அரிசியில் நிறுத்தினாள்.

நின்றபடியே என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள்.

"என்னக்கா சொல்லுதாங்க?"

"நேத்து ராத்திரி வந்து நான் இவகிட்ட உண்மையச் சொல்லிட்டேன் தம்பி. ஏன் எறக்கச் சொன்னீங்கன்னு. பிடி அரிசி சங்கதியயும் சொன்னேன்." அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதத்தான் கேக்குறா. இப்படிச் செஞ்சா உங்க ஊருப் பொம்பளைங்க கோவிச்சுக்குவாங்களான்னு."

நம்ம பிடி அரிசி படையலுக்கா போகுது என்று கேட்டு எழுதியவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் உண்டு. யாராவது அம்மன் கோவில் பிரசாதம் கொடுத்தால் வாங்கி வேலியோரம் வைத்துவிட்டு வருகிறவள்.

"கோவிச்சுக்கிட மாட்டாங்க" என்றேன்.

அக்கா அதை அப்படியே சொன்னாள், இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டவில்லை. சி பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். முதலில் எனக்குப் புரியவில்லை. அக்கா என் முதுகில் அடித்தாள். "மாத்திரய குடு தம்பி!"

எட்டு மாதமும் முடித்தாள். விட்ட நாட்களுக்கும் சேர்த்து, அந்தப் பகுதி அரசு மருந்தகத்தில் சொன்னபடி. கடைசி நாள் ஒரு தட்டு இஞ்சி மிட்டாய் வைத்திருந்தாள். நான் அதன் பிறகு எந்த வீட்டிலும் எதையும் நகர்த்தவில்லை. வீட்டுக்கு வெளியே, பலகைப் பாதையில் நிற்கவைத்தே படம் எடுத்தேன். கறுப்புத் தண்ணீரும் வானமும்தான் பின்னால். "ஏன் எல்லாரையும் வெளிய நிறுத்துறீங்க?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "வெளிச்சம் பத்தல" என்றேன்.

நான் ஊர் திரும்பியபோது எங்கள் கோவிலின் அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வியட்நாமைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான். "இந்தப் பொம்பள எங்கல பாக்கா?" அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "வெளிச்சம் கண்ணக் கூசிச்சு" என்று சொல்லிவிட்டேன். படத்தை அம்மா கேட்டு வாங்கி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அம்மா கடைசியாகப் படுத்த மாதங்களில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். எனக்குத்தான் உட்கார வராதே, கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். "இருல ஒரு இடத்துல, கண்ணக் கட்டுது" என்பாள். ஒருநாள் வேதாகமத்திலிருந்து அந்தப் படம் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. கிண்ணம், சாம்பல், பொய்க் கடிதம், அரிசியில் ஊன்றிய ஊதுபத்தி, அம்மாவைக் கேட்காமல் அம்மா பேரில் நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏல" என்றாள்.

"சொல்லும்மா."

"கிண்ணத்துக்கு அரிசி பத்திச்சா?"

"பத்திச்சும்மா. ரெண்டு பிடி."

"பெறவு என்ன" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதைச் சி பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பரபரப்பு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் கால்வாய் வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். லான் பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் செருப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறது என்று அந்துவானெத் அக்கா ஒரு கடிதம் போட்டிருந்தாள். பிறகு அக்காவும் அவளுடைய தங்கையிடம் பிரான்சுக்குப் போனாள். பிறகு அவள் கடிதமும் நின்றுவிட்டது. போன வருஷம் எங்கள் சபையில், பிடி அரிசியைச் சுமந்து வரவேண்டாம், போனிலேயே காணிக்கை அனுப்பிவிடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். வசதிதான். ஊரில் மருமகள்கள் சந்தோஷப்பட்டார்கள்.

பாலத்தில் நாலாவது தடவை இறங்கியபோது கால் வலித்தது. கரையில் தள்ளுவண்டிக் கடை போட்டிருந்த ஒரு பெண்ணிடம் ஐஸ் காபி வாங்கிக்கொண்டு, அவள் கொடுத்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது வயதுகூட இருக்காது. இங்கே தண்ணீர்மேல் வீடு இருந்ததே, தெரியுமா என்று அரைகுறையாகக் கேட்டேன். அவள் சிரித்து, இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்து இது எப்போதும் ரோடுதான். நான் போனை எடுத்து, அதில் பிடித்து வைத்திருந்த, அம்மாவின் வேதாகமத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பலகைத் தரை, லானின் சிரிப்பு, சி பாவின் முகம். அங்கே அவள் விரல் நின்றது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள். பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்கவே தேவையில்லை. இந்த அம்மா எதைப் பார்க்கிறாள்?

முப்பது வருஷமாக வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எப்படிச் சொல்வது? கிண்ணத்துக்கு என்ன வார்த்தை, சாம்பலுக்கு என்ன வார்த்தை, எல்லாம் மறந்து போயிருந்தது. ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

"சோங்" என்றேன். கணவனை. படத்தில் சி பாவின் கண் போகிற பக்கமாகக் கையை நீட்டினேன்.

நான் கையை நீட்டிய பக்கம் அவளும் திரும்பிப் பார்த்தாள். அங்கே சிக்னல் விழுந்து, ரோடு நிறைய பைக்குகள் நின்றுகொண்டிருந்தன.